மஞ்சள் மேடு

எங்கள் வீட்டுச் சுவர் முதன்முதலாக மஞ்சள் பூத்தது 1986 ஐப்பசியில். நான் அப்போது ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின கோடையில்தான் அப்பா கூரையைப் பிரித்துவிட்டு ஓட்டு வீடு கட்டியிருந்தார். சேரிக்கு ஒதுக்கின மனை எதுவாக இருந்தாலும் பள்ளமாகத்தானே இருக்கும். மேடாக்க மண் வேண்டும். ஏரி மண்ணில் கை வைத்தால் ஊர்த்தெருக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். லாரிக்காரர் ஒருத்தர், "கம்பெனி மண்ணு, கல்லாட்டம் இறுகும், காசே வாணாம், கொட்டிட்டுப் போறேன்" என்றார். மூணு லோடு கொட்டினார். அப்பாவுக்கு அவர் தெய்வமாகத் தெரிந்தார்.

மழை வந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு மஞ்சளாக உப்புப் பூத்தது. எங்க ஆயா பார்த்துவிட்டு, "இன்னாடா இது, யாரோ மஞ்சத்தண்ணி தெளிச்சா மாரி கீது" என்றாள். கந்தையை நனைத்துத் துடைத்தாள். நாலு நாளில் மறுபடி பூத்தது. மறுபடி துடைத்தாள். அந்த வருஷம் அவள் விரல் இடுக்குகளில் வந்த புண் சாகும்வரை முழுசாக ஆறவில்லை. ஓரம் தடித்து நடுவில் குழி விழுந்த புண். ஆஸ்பத்திரியில் சேத்துப்புண் என்று களிம்பு கொடுத்தார்கள். சேற்றில் இறங்கி நாற்று நட்டவள்தான். அதனால் நாங்களும் அப்படியே நம்பிவிட்டோம்.

எவ்வளவு மஞ்சள் இருந்தால் ஒரு மண் மனுசர் வாழத் தகுந்தது? அரசாங்கங்களிடம் இதற்கு ஒரு எண் இருக்கிறது. மூடிய ஆலையின் நிலத்தைச் சுத்தம் செய்கிறவர்கள் அந்த எண்ணுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் போதும், கணக்கு முடிந்தது, கோப்பை மூடலாம். அந்த எண் எங்கிருந்து வருகிறது, யாருடைய உடம்பை மனதில் வைத்துப் போடப்பட்டது என்று தேடிப்போனதில் எனக்குக் கிடைத்ததை இங்கே எழுதுகிறேன்.

ராணிப்பேட்டைக்கு இந்த மஞ்சள் வந்த கதை தோலில் இருந்து தொடங்குகிறது. செத்த மாட்டை இழுத்துப்போய் உரித்து, தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்துவதை எங்கள்மேல் சாதித் தொழிலாகச் சுமத்தினார்கள். தொட்டால் தீட்டு என்றார்கள். அந்தத் தோலில் தைத்த சாலைக் கட்டித்தான் அவர்கள் வயலுக்குக் கவலை இறைத்தார்கள். சாலில் வந்த தண்ணீருக்குத் தீட்டில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தக் கைத்தொழில் ஏற்றுமதி வியாபாரமாகியது. 1903 வாக்கில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் குரோமியம் போட்டுத் தோல் பதனிடும் முறையைக் கொண்டுவந்தார். அவர் அந்தத் தோலுக்குக் கண்ட முக்கியமான உபயோகம் என்ன தெரியுமா? கவலைச் சால். தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் அழுகாத சால். ஆக, குரோமியம் இந்த மண்ணுக்கு முதலில் வந்ததே கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கத்தான். எழுபது, எண்பது வருஷம் கழித்து அதே கிணறுகளுக்குள் அது இறங்கியது.

சுதந்திரத்துக்குப் பிறகு 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. முழுசாகப் பதனிட்ட தோலும் செருப்பும் பையும் அனுப்பு, டாலர் கூட வரும் என்றது. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல் குரோமியத்தில் ஒரே நாளில் தயாராகும். நீலமாக வரும், ஷாப்புகளில் அதற்கு வெட் புளூ என்று பெயர். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் ஷாப்புகள் பெருகின. ஒரு கிலோ தோலுக்கு முப்பது, நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். முதலாளி எந்த மதமாக, எந்தச் சாதியாக இருந்தாலும் சரி, சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கியது மட்டும் நாம்தான். எங்கள் தாத்தா இறங்கினார். அவர் கால் நகங்கள் எனக்கு ஞாபகத்தில் இல்லை. இருந்தால்தானே ஞாபகம் இருக்கும்.

ஷாப்புகளுக்கு வேண்டிய குரோமிய உப்பைச் செய்ய 1970களில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஓர் ஆலை வந்தது. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. அரசு ஆவணங்களில் இருக்கிறது. குரோமியக் கல்லைப் பொடித்து, சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்துச் சூளையில் வறுத்தெடுப்பார்கள். அந்தச் சூட்டில்தான் கல்லில் சாதுவாகக் கிடந்த குரோமியம் வேறு ஆளாக மாறுகிறது. தோலுக்குள் இருக்கிற குரோமியம் மூன்றாம் வகை; ஓரளவு அடங்கினது. சூளையில் பிறப்பது ஆறாம் வகை. மஞ்சள் நிறம், தண்ணீரில் கரையும், தோலைத் துளைக்கும், மூச்சில் போனால் நுரையீரலில் புற்று வைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1990லேயே இதை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று முதல் பட்டியலில் வைத்துவிட்டது. வறுத்ததைத் தண்ணீரில் அலசி உப்பை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சும் சக்கையைக் கம்பெனி வளாகத்திலேயே கொட்டினார்கள். இருபது வருஷம் கொட்டினார்கள். 1990களின் நடுவில் ஆலையை மூடிவிட்டுப் போனார்கள். இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் சக்கை மேடாக அங்கேயே நின்றது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகிலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. செர்னோபில் இருந்த அதே பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. குரோமியக் கல் வெட்டுகிற ஒரிசாவின் சுகிந்தா அடுத்த வருஷப் பட்டியலில் வந்து சேர்ந்துகொண்டது. கல் பிறந்த ஊரும் நாசம், வெந்த ஊரும் நாசம்.

"மழ பேஞ்சா மேடு அழுவும்டா" என்பாள் ஆயா. வெயில் காலத்தில் சாம்பல் நிறமாகச் சும்மா கிடக்கும். மழை பெய்து நாலு நாள் ஆனால் அடிவாரத்தில் மஞ்சளாகக் கசிந்து ஓடையில் போகும். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அதில் காகிதக் கப்பல் விட்டிருக்கிறோம். வெள்ளைக் காகிதம் மஞ்சளாகிவிடும். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

எங்கள் சித்தப்பா அந்தச் சுற்றுவட்டாரக் கெமிக்கல் கம்பெனிகளில் கான்ட்ராக்டில் மூட்டை தூக்கியவர். அவர் மூக்குத்தண்டில் ஓட்டை விழுந்தது. வலி இல்லாமல் விழுந்தது. "மூக்கு குத்திவுட்டானுங்க, மூக்குத்திதான் வாங்கித் தர்ல" என்று எல்லோரையும் சிரிக்க வைப்பார். எனக்கும் அது அவருடைய தனி வேடிக்கை என்றுதான் தோன்றியது. பல வருஷம் கழித்துப் படிக்கும்போதுதான் தெரிந்தது, ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பக்கத்தில் ஒரு குரோமியம் ஆலையில் நூறு வருஷத்துக்கு முந்தியே தொழிலாளிகளுக்கு இதே ஓட்டை விழுந்திருக்கிறது. தொழிலாளர் தலைவர் கெயர் ஹார்டி 1899இல் அந்த ஆலைக் கொடுமையைப் பற்றித் துண்டுப்பிரசுரம் எழுதினார். முதலாளி பெரிய பக்திமான், தர்மவான், பிரபுப் பட்டம் வாங்கினவர். ஆக இந்தச் சரக்கு உடம்பை என்ன செய்யும் என்பது 1899லேயே அச்சில் இருந்தது. தெரியாமல் நடந்துவிட்டது என்று ராணிப்பேட்டை விஷயத்தில் யாரும் சொல்ல வழியில்லை.

இங்கே கொஞ்சம் மகாடுக்குப் போய்வர வேண்டும். 1927 மார்ச் 20ஆம் தேதி பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான நம் மக்களோடு போய் சவுதார் குளத்தில் தண்ணீர் அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் குளம் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். கெட்ட குளத்தைச் சுத்தம் செய்ய அவர்களிடம் ஒரு முறை கையிருப்பிலேயே இருந்தது. 108 குடம் தண்ணீரை மொண்டெடுத்து, சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து, மந்திரம் சொல்லி ஊற்றினார்கள். குளம் சுத்தமாகிவிட்டதாக அறிவித்தார்கள். தீட்டுக் கண்டுபிடிக்க ஆய்வு தேவைப்படவில்லை. மாதிரி எடுக்கவில்லை. டெண்டர் விடவில்லை. யார் தொட்டார்கள் என்ற அளவுகோலும் இருந்தது, எத்தனை குடம் என்ற அளவும் இருந்தது, காலக்கெடுவும் இருந்தது. நம்முடைய உரிமைக்கான வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்தில் தீர 1937 ஆயிற்று. தீட்டுக் கழிக்க மட்டும் உடனே முடிந்தது.

ராணிப்பேட்டையில் கண்ணுக்கு நேராக மஞ்சளாக ஓடுகிறது விஷம். ஆலை மூடிக் கால் நூற்றாண்டு ஆனபோதும் மேடு மேடாகவே கிடந்தது. ஹைதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையம் வந்து நிலத்தடி நீரை ஆராய்ந்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. ஆலையைச் சுற்றின தண்ணீரில் அதைப்போல நூறு மடங்குக்கும் மேல். அறிக்கைகள் வந்தன. மறுபடி அறிக்கைகள் வந்தன. நம் கை பட்ட தண்ணீருக்கு ஒரு சுத்திகரிப்பு அவசரம், நம் வாய்க்குள் போகிற தண்ணீருக்கு வேறொரு நிதானம். இந்த நாட்டில் சுத்தத்தின் அளவுகோலை முதலில் எழுதியது சாதி. விஞ்ஞானம் அதன்மேல் தனது எண்ணைப் பிற்பாடு எழுதிக்கொண்டது.

நீதிமன்றத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும். கெடுதல் முழுசாக நிரூபணமாகும்வரை காத்திருக்கக் கூடாது, முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சொன்ன தீர்ப்பு அது. ஐந்து மாவட்டத் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாவட்டங்களின் பெயரைத் தீர்ப்பில் படித்தால் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்: வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, செங்கை எம்ஜிஆர், அப்புறம் திருச்சி. 1990களின் பிற்பகுதியில் எங்கள் மாவட்டத்திலிருந்து அம்பேத்கர் பெயரை எடுத்துவிட்டார்கள். குரோமியத்தை எடுக்கவில்லை.

அந்தத் தீர்ப்பின்படி இழப்பீடு கணக்கிட ஓர் ஆணையம் வந்தது. 2001 மார்ச்சில் அது வேலூர் மாவட்டத்துக்குக் கணக்குச் சொன்னது: கெட்ட நிலம் 15,164 ஹெக்டேருக்கு மேல், பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர், இழப்பீடு சுமார் 26 கோடியே 82 லட்சம். கணக்கு ஹெக்டேரில் ஓடுகிறது. ஹெக்டேர் இருப்பவனுக்கு ஹெக்டேர் கெட்டது. அந்த ஹெக்டேரில் களை பறித்து, அதே கிணற்றில் குடித்து, அதே வரப்பில் கஞ்சி குடித்தவளுக்கு என்ன கெட்டது என்பதற்கு அந்தக் கணக்கில் அலகு இல்லை. ஆயாவின் விரல் இடுக்கு எத்தனை ஹெக்டேர்? தோல் ஷாப்புக்கு எதிராக வழக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல வரவில்லை. அவர்கள் போடாவிட்டால் இந்த அளவுக்குக்கூட வந்திருக்காது. ஆனால் அந்த நாட்களில் சுற்றுச்சூழல் என்று பேசியவர்கள் நிலத்தையும் ஆற்றையும் பேசினார்கள். தொழிற்சங்கக்காரர்கள் ஷாப்பை மூடினால் வேலை போகும் என்றார்கள். ஷாப்பு திறந்திருந்தால் விஷம், மூடினால் பட்டினி என்று நடுவில் நின்றவன் குரலை இரண்டு மேடையும் கேட்கவில்லை. 2025 ஜனவரி 30ஆம் தேதி உச்சநீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்புச் சொன்னது. இழப்பீடு போய்ச் சேரவில்லை, ஆறு சரியாகவில்லை, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு போட வேண்டும், நாங்கள் தொடர்ந்து கண்காணிப்போம் என்றது. நடுவில் போனது 28 வருஷம்.

இனி அந்த எண்ணுக்கு வருகிறேன். ஆயா செத்துச் சில வருஷம் கழித்து, எங்கள் தெரு மண்ணைச் சோதித்துச் சொல்லச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போனேன். எந்த அலுவலகம் என்பது முக்கியமில்லை. அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொன்னார். பிறகு, "அந்த ஏரியா இண்டஸ்ட்ரியல்ல வருது சார். இண்டஸ்ட்ரியலுக்கு லிமிட் வேற, வீட்டுக்கு வேற. இண்டஸ்ட்ரியல் லிமிட் வெச்சுப் பாத்தா உங்களுக்குப் பிரச்சன வராது" என்றார். நான் ஆறுதலாக எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது: பிரச்சனை மண்ணை விட்டுப் போகவில்லை, காகிதத்தை விட்டுத்தான் போயிருக்கிறது.

அவர் சொன்னது அவராகக் கண்டுபிடித்ததல்ல. உலகம் முழுக்க இதுதான் முறை. கனடாவின் வழிகாட்டு அளவுப்படி, ஆறாம் வகைக் குரோமியம் வயலிலும் வீட்டு நிலத்திலும் கிலோ மண்ணுக்கு 0.4 மில்லிகிராம், கடை, தொழிற்சாலை நிலத்தில் 1.4. நில வகைக்கு நில வகை எண் மாறுவதற்குப் பொதுவாகச் சொல்லும் காரணம் இது. தொழிற்சாலை நிலத்தில் இருக்கப்போவது வளர்ந்த ஆள். வேலை நேரத்தில் மட்டும் இருப்பான். சாயந்தரம் வீட்டுக்குப் போய்விடுவான். அங்கே குழந்தை மண்ணில் விளையாடாது. இப்படி ஓர் ஆளைக் கற்பனை செய்துகொண்டு, அவன் உடம்பு தாங்குகிற அளவாக எண்ணைப் போடுகிறார்கள். கனடாவில் அப்படி ஓர் ஆள் இருக்கலாம்.

ராணிப்பேட்டையில் அந்த ஆள் எங்கே இருக்கிறான் என்று 2015 ஜனவரி 31ஆம் தேதி பார்த்தோம். சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுநீர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றுத் தொட்டிச் சுவர் விடிவதற்கு முன்னால் உடைந்தது. சேறு பக்கத்து ஷாப்புக்குள் பாய்ந்து 10 தொழிலாளிகளைக் கொன்றது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தார்கள். சாயந்தரம் வீட்டுக்குப் போகிற ஆள் என்று எண்ணைப் போடுகிறது விஞ்ஞானம். வேலை செய்த இடத்திலேயே படுத்துத் தூங்கினவனை மூடுகிறது சேறு. தொழிற்பேட்டை வேலிக்கு இந்தப் பக்கம் சேரி. வேலிக்குள் புல் அறுக்கிறோம், ஆடு மேய்க்கிறோம், விறகு பொறுக்குகிறோம், வெளிக்குப் போகிறோம். எங்கள் பிள்ளைகள் வெறுங்காலோடு அதில்தான் கோலி விளையாடின. எந்த அட்டவணையில் எங்களை வைப்பீர்கள்? கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் என்ன பயிர், எத்தனை ஏக்கர், கிணறா ஏரியா என்று எல்லாவற்றுக்கும் கலம் உண்டு. நிலம் கெட்டது என்று எழுத ஒரு கலம் கிடையாது. பஞ்சமி நிலத்தைத் தேடிக் கண்டுபிடிக்க நாம் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினோமே, அப்படிப் புரட்டவும் ஒரு ரிஜிஸ்டர் இல்லாத நிலம் இது.

இந்த எண் கல்லில் செதுக்கியதும் அல்ல, போராடினால் மாறும் என்பதற்கு அமெரிக்காவில் நியூ ஜெர்சி சாட்சி. அங்கே ஜெர்சி நகரத்திலும் சுற்றிலும் இதே மாதிரி ஆலைகளின் சக்கையை லட்சக்கணக்கான டன் பள்ளம் தூர்க்கக் கொடுத்திருக்கிறார்கள். மைதானம், வீடு, ரோடு எல்லாவற்றுக்கும் அடியில். வீட்டு நிலவறைச் சுவர்களில் மஞ்சள் உப்புப் பூத்ததாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். ஆயாவின் சுவர் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது. 1998இல் அந்த மாநில அரசு, மண் வாய்வழியாக உடம்புக்குள் போவதைக் கணக்கிட்டு வைத்த அளவு: வீட்டு நிலத்துக்கு 240, மற்ற நிலத்துக்கு 6,100. இதே ஆறாம் வகைக் குரோமியம்தான், இதே கிலோ மண்தான். அந்தப் பகுதித் தேவாலயங்களின் கூட்டமைப்பும் குடியிருப்பவர்களும் ஹனிவெல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2003இல் நீதிமன்றம், மேலே மூடி போட்டு வைக்கிற வேலை வேண்டாம், 34 ஏக்கரில் கிடப்பதை முழுக்கத் தோண்டி எடு என்று உத்தரவிட்டது. 2005இல் மேல்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சுமார் 15 லட்சம் டன். 2007இல் மாநில அரசு தனது அளவை 20க்கு இறக்கியது. வீட்டு நிலத்துக்கும் 20, மற்ற நிலத்துக்கும் 20. வாய்வழிக்கு 6,100 பத்திரம் என்று சொன்ன அதே அரசு ஒன்பது வருஷத்தில் 20 என்கிறது. நடுவில் மண் மாறவில்லை. குரோமியம் மாறவில்லை. கேள்வி கேட்கிற ஆட்கள் நீதிமன்றத்துக்குள் வந்திருந்தார்கள், அவ்வளவுதான். பிற்பாடு அந்த நாட்டு அரசின் ஆய்விலேயே இதைத் தண்ணீரில் கலந்து கொடுத்த எலிகளுக்கு வாயிலும் குடலிலும் புற்று வந்தது. மூச்சில் போனால்தான் ஆபத்து, குடித்தால் வயிறு பார்த்துக்கொள்ளும் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்தார்கள்.

எண்ணைக் கடுமையாக்கினால் மட்டும் போதுமா என்றால் போதாது. எப்படி அளக்கிறாய் என்பதும் எண்ணின் பாதி. இந்தச் சக்கைக்கு ஒரு குணம் உண்டு. இரும்பு சல்பேட்டைக் கலந்தால் மஞ்சள் போய்விடும். ஆறாம் வகை மூன்றாம் வகையாக அடங்கிவிடும். அன்றைக்குச் சோதித்தால் எண் நன்றாக இருக்கும். ஆனால் சக்கையின் கட்டிகளுக்குள் சுண்ணாம்போடு பூட்டிக்கிடக்கும் குரோமியம் மழைக்கு மழை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். கோடையில் மேல்மண் எடுத்தவனுக்குச் சாம்பல் கிடைக்கும். ஐப்பசியில் வந்தவனுக்கு மஞ்சள் கிடைக்கும். ஆயாவுக்குத் தெரிந்த இந்த விஷயம் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்: எந்த மாதம், எத்தனை ஆழம், எத்தனை மழைக்காலம் தொடர்ந்து.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட நிலங்களுக்கென்று முதன்முறையாகத் தனி விதிகள் வெளியிட்டது. சந்தேகமான இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதல் ஆய்வு செய்ய வேண்டும். யார் மாசுபடுத்தினது என்று கண்டுபிடித்துச் செலவை அவரிடம் வாங்க வேண்டும். நல்லதுதான். இத்தனை வருஷம் இதற்கென்று தனிச் சட்ட ஏற்பாடு எதுவும் இல்லாமல் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விதி வந்தபோது நாடு முழுக்க அடையாளம் கண்ட இடங்கள் 103. வேலை தொடங்கியிருந்தது 7 இடத்தில். கண்டுபிடிக்க நாள் குறித்திருக்கிறார்கள், ஆய்வுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். சுத்தம் செய்து முடிக்க நாள் குறிக்கவில்லை. சுரங்கக் கழிவு இதில் வராது; ஊர்க் குப்பைமேடு வராது. குப்பைமேட்டை ஒட்டி யார் குடியிருக்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கேட்பு இதுதான். அளவைப் போடும்போது காகிதத்தில் இருக்கும் நில வகையைப் பார்க்காதே. அந்த மண்ணில் உண்மையில் யார் கால் படுகிறது என்று பார். வேலியில்லாத, அல்லது வேலி பிய்ந்த தொழிற்பேட்டை நிலத்துக்கு வெறுங்கால் பிள்ளையின் உடம்பே அளவு. இன்னொன்று. ஒரு நாள் இந்த மேட்டைத் தோண்டத்தான் போகிறார்கள். தோண்டுவது யார்? கான்ட்ராக்டர் பொக்லைன் கொண்டுவருவார். பொக்லைன் நுழையாத மூலையில் மண்வெட்டி பிடிக்க நம் தெருவுக்குத்தான் ஆள் அனுப்புவார். அல்லது வங்கத்துக்கு, பீகாருக்கு அனுப்புவார். சுத்தம் செய்யும் வேலை என்றால் இந்த நாட்டில் யார் ஞாபகம் வருகிறது என்று தெரியும். மண்ணில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிற விதியில் தோண்டுகிறவன் மூக்குக்குள் எத்தனை என்றும் எழுதியிருக்க வேண்டும். சித்தப்பா இப்போது இல்லை. இருந்தால் மூக்குத்தி ஜோக்கை இன்னொரு தரம் சொல்லியிருப்பார்.

போன கோடையில் மண் மாதிரி எடுக்க எங்கள் தெருவுக்கு ஒரு பையன் வந்தான். கையில் அட்டை, பாரம். "லேண்ட் யூஸ் இன்னான்னு போடறது அண்ணா, இண்டஸ்ட்ரியலா, ரெசிடென்ஷியலா?" என்றான். விவசாயம் என்று எழுது, எங்க அம்மா கொல்லையில் கீரை போட்டிருக்கிறாள் என்றேன். சிரித்துக்கொண்டே எழுதினான். ஐப்பசியில் இன்னொருமுறை வந்து எடு என்றேன். அதையும் ஓரத்தில் குறித்துக்கொண்டான். வெயிலில் நின்ற பிள்ளை என்று அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்மா, பாட்டில் கீது" என்றான்.

அம்மா கொஞ்ச நேரம் சொம்பைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு சொன்னாள்: "கெணத்துத் தண்ணி இல்லப்பா. லாரித் தண்ணிதான்."